வெறுங்கையோடு

"நீ என்ன சொல்ற?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் இருக்கட்டும். நீ என்ன சொல்றேன்னு கேக்கறேன்."

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நல்ல வேலைன்னு நீயே சொல்ற. போனா போ, இருந்தா இரு."

"அப்ப போறேன்."

"சரி. ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோ. பாலைவனத்துல ராத்திரி குளிருமாம்."

ஹீலோ விமான நிலைய வாசலில் நடந்த இந்தப் பேச்சை வெர்னா ஆறு வருஷமாக மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, ஸ்வெட்டர் என்று சொன்ன இடத்தில் அழுதாள். இன்னொரு தடவை, பெட்டியைப் பிடுங்கி மறுபடி வண்டியில் போட்டாள். எத்தனை விதமாகத் திருத்தினாலும் கடைசியில் கிளேட்டன் மழையில் நனைந்துகொண்டே உள்ளே போவான். அவள் கையை ஆட்டுவாள்.

அப்போதுதான் தீவின் ஹமகுவாக் கரையில் கடைசிக் கரும்பு ஆலையும் மூடியிருந்தது. ஆலையில் எஞ்சின் பார்த்தவர்களில் பாதிப் பேர் லாஸ் வேகாஸுக்குப் போனார்கள். அங்கே இருக்கிற ஹோட்டல்களுக்குக் குளிர்சாதனம் நின்றால் உயிரே நின்ற மாதிரி. கிளேட்டனுக்கு அங்கே போன இரண்டாவது நாளே வேலை கிடைத்துவிட்டது.

வெர்னா வளர்ந்த வீட்டில் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பது வெட்கக்கேடு. ஒக்கினாவாத் தீவிலிருந்து வந்த குடும்பம். சோறு இன்னும் வேண்டுமா என்றால் போதும் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் கிண்ணத்தை நீட்டலாம். வேண்டியவர்கள் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள் என்று நம்பி வளர்ந்தவள். கிளேட்டன் வீடு நேர் எதிர். கரும்புக் கூலிக்குக் கடல் தாண்டி வந்த இலோக்கானோ ஜனங்கள். அங்கே விருந்தாளி கிளம்புகிறேன் என்று எழுந்தால் அத்தைமார்கள் கத்துவார்கள், பிள்ளைகள் ஓடிப்போய்ச் செருப்பை ஒளித்துவைப்பார்கள். யாரும் கத்தவில்லை, செருப்பு வாசலிலேயே கிடக்கிறது என்றால் போகலாம் என்று அர்த்தம். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் அவரவர் பிறந்த வீட்டிலேயே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கூப்பிடுவான்.

"எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நல்லா இருக்கேன். மழையா?"

"மழைதான்."

இப்போது வந்திருக்கிறான். பெப்பேகேயோவில் இருக்கும் வீட்டை விற்பதற்காக. அவன் அப்பா வாங்கிய ஆலைக் குடியிருப்பு வீடு அது. தகரக் கூரை, மரச்சுவர், ஈரத்துக்கும் கரையானுக்கும் பயந்து கட்டைக்கால்கள் மேல் தூக்கிக் கட்டியது. ஹோட்டலில் அவனை மேற்பார்வையாளராக நிரந்தரமாக்கப் போகிறார்கள். வீட்டை என்ன செய்யலாம் என்று போனில் கேட்டான். "உன் இஷ்டம்" என்றாள் வெர்னா. சனிக்கிழமை கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் கையெழுத்து. அவள் ஹீலோவில் ஒரு சின்ன அறை பார்த்துவைத்திருந்தாள். அவனோடு போவதைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு அங்கே போய், வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் வந்து திரும்பியவள் அவள்.

வீட்டில் இப்படியென்றால் அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'பிச்சைக்காரி'. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் சிரிப்பாள். அந்தச் சமுதாயக் கல்லூரியில் எழுத்து வகுப்புத் திட்டத்தை ஆரம்பித்ததும் நடத்துவதும் அவள்தான். எழுத்து வகுப்பு என்றால் இலக்கண வகுப்பு இல்லை. நர்சிங் பாடமோ, கடல் பாடமோ, எதுவானாலும் பிள்ளைகள் அதை எழுதி எழுதியே படிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் படித்து, ஓரத்தில் கேள்வி கேட்டு, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசித் திருப்பிக் கொடுப்பார். அதை மறுபடி எழுத வேண்டும். அதனால் ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாது. இப்படி இரண்டு வகுப்பாவது தேறாமல் யாருக்கும் பட்டம் கிடையாது.

பட்டத்துக்கு வகுப்பு வேண்டும், வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும். எந்த ஆசிரியர் வீட்டுக்கு மூட்டை மூட்டையாகத் தாள் சுமந்துபோக ஆசைப்படுவார்? ஆகவே ஒவ்வொரு பருவமும் அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன்னால் வெர்னா வாசல் வாசலாக ஏறி இறங்குவாள். கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். வெறுங்கையோடு ஒருத்தர் வாசலில் போய் நிற்பது அந்த ஊர் வழக்கம் இல்லை. அவள் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். மண்ணியல் ஆசிரியருக்கு ஊறவைத்த முள்ளங்கி, சமையல் பிரிவுக்குத் தோட்டத்து எலுமிச்சை, கணக்கு ஆசிரியருக்கு உலர்த்திய ஆக்கு மீன். சாப்பிட்டு முடிக்கும்போது அந்த ஆள் ஒத்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் ஒரு வகுப்பு குறைந்தது. டீன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா எல்லா வகுப்பிலயும் முப்பத்தஞ்சு பேரைப் போட்டுடுவேன், வெர்னா. என்னைத் திட்டாத." முப்பத்தைந்து பேர் எழுதியதை யாராலும் படிக்க முடியாது. படித்த மாதிரி பண்ணலாம். அதற்குத் திட்டத்தையே இழுத்து மூடிவிடலாம்.

மிஞ்சியிருந்தது ரஸ்டி பாடம் நடத்தும் டீசல் பட்டறை மட்டும்.

வியாழக்கிழமை காலை வெர்னா அடுப்பிலிருந்து மோச்சித் தட்டை எடுத்தாள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டது. ஓரம் பொன்னிறமாக முறுகியிருந்தது. கிளேட்டன் கைநீட்டினான்.

"அது ரஸ்டிக்கு."

"ரஸ்டி பச்சேக்கோவுக்கா? அவர் வயித்துக்கு இது ஒரு மூலைக்குக் காணாது. எனக்கு ஒண்ணு குடு."

"ஓரத்துல எடுத்துக்கோ. நடுவுல ஓட்டை போடாத."

முறுகிய ஓரமாகப் பார்த்து எடுத்தான். அவனுக்குப் பிடித்ததும் ஓரம்தான். அதனால்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் உனக்குப் பிடிக்குமே என்று சொல்லவில்லை.

"வண்டி இன்னும் ஆகலையா?" என்றாள்.

"ஸ்டார்ட்டர் போயிருக்கு. பார்ட் வரணும். நானே கொண்டுபோய் விடறேன், வா."

அவன் வந்த அன்றிலிருந்து அவள் கார் முகப்பைத் திறந்துகொண்டு கார் கொட்டகையில் நிற்கிறது. அவன் தம்பியின் பிக்கப் வண்டியில்தான் தினமும் போய் வருகிறாள். கடலோரச் சாலை முழுக்க மழை. ஓடைப் பாலம் ஒவ்வொன்றிலும் சிவந்த காட்டுப் பூக்கள் சக்கரத்தில் நசுங்கின. கரும்பு நின்ற நிலமெல்லாம் இப்போது யூக்கலிப்டஸ். மோச்சித் தட்டு அவள் மடியில் சூடாக இருந்தது.

"அங்க மழை பெய்யறதே இல்லை" என்றான் திடீரென்று. "போன வருஷம் ஒரு நாள் தூறிச்சு. நம்ம ஊர்க்காரனுங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வண்டி நிறுத்தற இடத்துல போய் நின்னோம். மேலாளர் எங்களுக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டான்."

இதை அவன் போனில் சொன்னதே இல்லை. "வைப்பர் மாத்தணும் போல" என்றாள்.

டீசல் பட்டறையில் ரஸ்டி ஒரு டிராக்டர் எஞ்சினுக்குள் தலையைவிட்டிருந்தார். தட்டின் வாசனைக்கே நிமிர்ந்தார்.

"வந்துட்டா பாரு பிச்சைக்காரி. இந்தத் தடவை புருஷனையும் கூட்டிட்டு வந்திருக்கா. என்ன, தனியா வந்தா பயமா?"

"வண்டி ரிப்பேர், அங்கிள்" என்றாள் வெர்னா. ரஸ்டி அவளைவிடப் பத்து வயசு மூத்தவர்.

"கிளேட்டன், எப்படிடா இருக்க? சூதாடி எல்லாத்தையும் விட்டுட்டியா, மிச்சம் இருக்கா?"

"சட்டை மிச்சம் இருக்கு, அங்கிள்."

"அதையும் விட்டுட்டு வா, அப்பதான் திரும்பி வருவ." கையைத் துணியில் துடைத்துவிட்டு இரண்டு துண்டு எடுத்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "முடியாது" என்றார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"நீ தட்டோட வந்தா கேட்ட மாதிரிதான். வெர்னா, என் பசங்க ரிப்பேர் பண்றவனுங்க. அவனுங்களுக்கு எழுத்து எதுக்கு?"

"ரிப்பேர் பண்ணினதும் வண்டிக்காரனுக்கு எழுதித் தரணும் இல்ல? என்ன பழுது, என்ன பண்ணினோம்னு?"

"அதெல்லாம் எழுதறானுங்க." மேஜையிலிருந்து எண்ணெய்க் கறை பட்ட ஒரு தாளை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் தேடாமலே படித்தார். "'சத்தம் வந்தது. சரி பண்ணினேன்.' இதுல என்ன தப்பு?"

கிளேட்டன் சிரித்துவிட்டான்.

"எங்கேருந்து சத்தம்?" என்றாள் வெர்னா.

"அது... எஞ்சின்லேருந்து."

"எப்படிச் சத்தம்? எப்பேருந்து வருது? என்ன பார்த்து அதுதான்னு கண்டுபிடிச்சான்? மறுபடி வந்தா என்ன பண்ணணும்? அந்த ஆள் காசு குடுத்துட்டு இந்தத் தாளை வெச்சுட்டு என்ன பண்ணுவார்?"

ரஸ்டி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமா என்பதுபோல. "நான் கீழே 'நல்லா இருக்கு'ன்னு போட்டேன்" என்றார்.

"ஐயோ அங்கிள், அதைத்தான் போடாதீங்கன்னு போன வருஷக் கூட்டத்துல தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீங்க சைமின் நூடுல்ஸ் சாப்பிடத்தான் வந்தீங்களா?"

"அன்னிக்கு சைமின் நல்லா இருந்துச்சு. வேற என்னதான் போடறது? பையன் மனசு கஷ்டப்படாதா?"

இந்தக் கேள்விக்கு வெர்னா எத்தனையோ கூட்டங்களில் பதில் சொல்லியிருக்கிறாள். வாய் தானாகவே சொன்னது. "நல்லா இருக்குன்னு சொன்னா கதவைச் சாத்தின மாதிரி, அங்கிள். அதோட முடிஞ்சிடும். அவன் அடுத்த வரி எழுதவே மாட்டான். உங்களுக்கு எங்க புரியலையோ அங்க கேளுங்க. உங்களுக்கு என்ன வேணுமோ அதை வெளிப்படையா சொல்லுங்க. நீங்க சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் பட்டறையில் சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. தகரக் கூரையில் மழை மட்டும். கிளேட்டன் சிரிப்பதை நிறுத்திவிட்டு டிராக்டர் எஞ்சினை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குள் ஏதோ தொலைந்துபோன மாதிரி.

ரஸ்டி மூன்றாவது துண்டை எடுத்தார். "சரி. எடுக்கறேன். ஆனா இருபது பேர்னா வகுப்பை ரெண்டாப் பிரிக்கணும். பட்டறைக்கு இன்னொரு கை வேணும். டீனும் சரின்னுட்டார், ஆள்தான் கிடைக்கலை. டீசல் தெரிஞ்ச, பொறுமை இருக்கிற, பசங்களைத் திட்டாத ஆள் இந்தத் தீவுல எங்க இருக்கான்?" கண் கிளேட்டன் மேல் நின்றது. "இருந்த ஒருத்தனும் பாலைவனத்துக்குப் போயிட்டான். வீட்டை விக்கறயாமே?"

"பேச்சு நடக்குது."

"வேலைக்கு வர்றியா?"

கிளேட்டன் ரஸ்டியைப் பார்க்கவில்லை. வெர்னாவைப் பார்த்தான். அவள் தட்டை மூடும் அலுமினியத் தாளை இழுத்து இழுத்து நேர்செய்துகொண்டிருந்தாள்.

"பார்க்கலாம், அங்கிள்" என்றான்.

"பார்த்துட்டே இரு. ஆமா, அவ கார் இன்னுமா ஆகலை?"

"ஸ்டார்ட்டர். பார்ட் வரலை."

"அந்தக் காருக்கா? அந்த ஸ்டார்ட்டர் என் அலமாரியிலயே ரெண்டு கிடக்கு. போன வாரம் போன்லயே சொன்னேனே, வந்து எடுத்துட்டுப் போடான்னு." ரஸ்டி வெர்னா பக்கம் திரும்பினார். "ஆலையையே ஓட்டினவன். ஒரு ஸ்டார்ட்டர் மாத்த இவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நெனக்கற? மோச்சி சுட ஆகிற நேரம்கூட ஆகாது."

கிளேட்டன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே முதலில் வெளியே போனான்.

திரும்பி வரும் வழியில் இரண்டு பேருக்கும் நடுவில், பட்டறையில் காலியான தட்டு இருந்தது. ஏன் பொய் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது என்று சொன்னால் போதும். பாலம் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பாலம் வந்தது. அடுத்ததும் வந்தது. அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான்; பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான்.

"ரஸ்டி ஒத்துக்கிட்டது பெரிய விஷயம்" என்றாள் கடைசியில். "படிவத்தை நாளைக்குக் குடுத்துடலாம்."

"ம்" என்றான். "நல்லதாப் போச்சு."

மறுநாள் படிவம் போனது, டீன் கையெழுத்துப் போட்டார், திட்டம் பிழைத்தது. மண்ணியல் ஆசிரியர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உன்னால மட்டும்தான் முடியும், வெர்னா. நீ கேட்டா இல்லைன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?" அவள் சிரித்தாள். தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் பிள்ளைகள் எழுதியது அடுக்கி இருந்தது. ஓரங்களில் அவள் கையெழுத்து. இங்கே என்ன நினைத்தாய்? இதை ஏன் பாதியில் விட்டாய்? உனக்கு என்ன வேண்டும் என்று படிக்கிறவருக்குத் தெரியவில்லையே.

சனிக்கிழமை மழை விடவே இல்லை. வருகிறவர்களுக்காக வெர்னா மறுபடி மோச்சி சுட்டாள். வீட்டை வாங்க வருகிறவர்களானாலும் வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? தரையைத் துடைத்தாள். ஜன்னல் வலைக்கு வெளியே ஆரஞ்சு மரத்தடியில் அவள் கார் முகப்பு மூடி நின்றது. நேற்று மாலையே ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டான். சாவியை அரிசிப் பானை மேல் வைத்திருந்தான். இனிமேல் அவளைக் கொண்டுபோய்விட அவன் தேவையில்லை.

அந்தச் சாவியைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வீட்டுக்குக் கீழே இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. சமையலறைப் பக்கம் ஒரு கட்டைக்கால் உளுத்து வீடு அந்த மூலையில் சாய்ந்திருந்தது. வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று கிளேட்டன் காலையிலிருந்து ஜாக்கி கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு தடவை திருகும்போதும் அவள் நின்ற தரை மெல்ல மேலேறியது. அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசின. ஆறு வருஷமாகச் சரிவாகவே நடந்து பழகிய காலுக்கு, நேரான தரை அந்நியமாக இருந்தது.

மோச்சியை வெட்டத் தொடங்கினாள். முதலில் ஓரத்தை வெட்டி ஒரு தட்டில் வைத்தாள். பழக்கதோஷம். அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால் வாங்கிக்கொள்வான். சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்கு என்பான். அவள் ம் என்பாள். அப்புறம் கலிஃபோர்னியாக்காரர்களின் வண்டி வரும்.

தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு இறங்கினாள். குடைகூட எடுக்கவில்லை.

படிக்கட்டின் கடைசியில் அவன் ரப்பர் செருப்பு கிடந்தது, மழைத் தண்ணீர் நிரம்பி. அவள் கை அதை நோக்கிப் போனது. எடுத்து வாழைக்கன்றுகளுக்குப் பின்னால் வீசிவிட்டால் போதும். அவன் வீட்டு ஜனங்களுக்கு அதைவிடத் தெளிவாக எதையும் சொல்ல முடியாது. குனிந்தவள் நிமிர்ந்தாள். இல்லை. இதையும் சாடையாகச் சொல்லிவிட்டு அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நிற்கக் கூடாது.

வீட்டுக்கு அடியிலிருந்து அவன் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கூரையிலிருந்து கொட்டும் தண்ணீர் நேராக அவள் முதுகில் விழுந்தது.

"கிளேட்டன்."

தட்டும் சத்தம் நின்றது. "வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை."

"இன்னும் ரெண்டு திருகு. அப்புறம் மேல தண்ணி ஊத்திப் பாரு, ஓடாது." கொஞ்சம் பொறுத்து, "மோச்சி வாசனை வருது" என்றான். "ஓரம் கொண்டு வந்தியா?"

"கொண்டு வரலை."

கால்கள் அசையாமல் இருந்தன.

"ஒண்ணும் கொண்டு வரலை. வெறுங்கையோடதான் வந்திருக்கேன்."

உள்ளே அவன் ஜாக்கிக் கம்பியைக் கீழே வைத்தது கேட்டது. மெல்ல ஊர்ந்து தலை வெளிச்சத்துக்கு வரும்வரை நகர்ந்தான். நெற்றியில் ஒட்டடை, மீசையில் மண். படுத்தவாக்கிலேயே அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊரெல்லாம் தட்டோட போவ" என்றான். குரலில் கேலி கொஞ்சம்தான் இருந்தது. "எனக்கு மட்டும் வெறுங்கையா?"

"உன்கிட்ட எனக்கு ஒண்ணு வேணும்னு கேக்க வந்தேன். தட்டு இருந்தா அதைக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

கீழே சாலையில் ஏதோ வண்டி மேடேறும் சத்தம் மழைக்கு நடுவே கேட்டது. அதுவாகவும் இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். கிளேட்டன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கேளு" என்றான்.

சேறு படிந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போகாத, கிளேட்டன். வீட்டை விக்க வேண்டாம். என்கூட இங்கயே இரு."